வாசலில் உட்கார்ந்திருந்த ஏலி



இந்த மாத இதழுக்கு ஒரு சாட்சி எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டார்கள். சாட்சி என்றால் கர்த்தர் நமக்குச் செய்த நன்மையைச் சொல்லி அவரை மகிமைப்படுத்துவது. அதற்குத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்ததும் மனதில் வந்து நின்றது ஒரு கேள்வி. கோபத்தோடு நம் முன்னால் வந்து நிற்கிற மனுஷனுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? அவன் சத்தம் போடுகிறான், மரியாதையில்லாமல் பேசுகிறான். நாமோ சட்டத்தின்படி சரியாக இருக்கிறோம். தேவ சமுகத்தில் அப்படிச் சரியாக இருந்தது போதுமா? பிரசங்கத்தில் கேட்டால் எல்லாரும் "போதாது" என்று சொல்லிவிடுவோம். ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

நான் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது சபையாருக்குத் தெரியும். அதன்பின் முன்னாள் படைவீரர்களுக்கான ஒரு கிளினிக்கில், ஒப்பந்தத்தின் பேரில், முன் கவுண்டரில் சில வருஷம் வேலை பார்த்தேன். எந்த இடம் என்று எழுதவில்லை. குற்றம் இடத்தின்மேல் இல்லை, என்மேல்.

இளைய பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. 2003 ஏப்ரல் 1-ந் தேதி இ.சி.எச்.எஸ். என்ற மருத்துவத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அதற்கு முன்னால் பென்ஷன் வாங்குகிற நம் கடற்கரைப் பக்கத்துச் சிப்பாய்க்குப் பெரிய வியாதி வந்து ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமானால், திருவனந்தபுரமோ வெலிங்டனோ சென்னையோ போகவேண்டும். வயதான காலத்தில் ரயிலேறிப் போய், அங்கே யார் வீட்டில் தங்குவது? திட்டம் வந்தபிறகு பல ஊர்களில் பாலிகிளினிக் திறந்தார்கள். டாக்டர் பார்ப்பார், மருந்தும் அங்கேயே. பெரிய வைத்தியம் என்றால் ரெஃபரல் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். திட்டத்தில் சேர்ந்திருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். திட்டத்தில் சேர ஒரு தொகை உண்டு. 1996 ஜனவரி 1-க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நல்ல திட்டம். நானே பயன் அடைந்திருக்கிறேன்.

ஆனால் எந்தத் திட்டமும் ஜனங்களைச் சந்திக்கிற இடம் ஒரு மேஜைதான். நானூறு பேரை அணிவகுத்து நடத்திய சுபேதாரும் அந்த மேஜைக்கு முன்னால் வரிசையில் நிற்கவேண்டும். சிப்பாயின் விதவையும் நிற்கவேண்டும், கப்பற்படைக்காரரும் நிற்கவேண்டும். நாங்கள் நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டு மூன்று வாக்கியம். "கார்டு எங்கே?" "அந்த மருந்து ஸ்டாக் இல்லை." "ரெஃபரல் தேதி முடிஞ்சிட்டு." எங்களுக்கு அது நூறாவது தடவை. கேட்கிறவருக்கோ அதுதான் முதல் தடவை; அவர் பஸ் பிடித்து வந்த நாள் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும்.

2023 டிசம்பரில் நம் ஜில்லாவுக்கு வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம், அதற்குப் பிறகு மழை விடவேயில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். ஏரல் தனித்தீவாகிவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் 1971 யுத்த வெற்றியை நினைவுகூருகிற விஜய் திவஸ். பழைய வீரர்களுக்குச் சால்வை போட்டுக் கைதட்டுகிற நாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை கிளினிக்கில் ஒரே கூட்டம். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர் வந்தார். வேஷ்டியெல்லாம் சேறு. ஏரல் பக்கத்திலிருந்து பாதி நடந்தும் பாதி பால் வண்டியிலும் வந்திருக்கிறார். வீட்டுக்காரம்மாவுக்கு இன்சுலின் வேண்டும் என்றார். நான் கார்டு கேட்டேன். வெள்ளத்தோடு போய்விட்டது என்றார். கார்டைக் கருவியில் வைத்தால்தான் கம்ப்யூட்டரில் பெயர் ஏறும், பெயர் ஏறினால்தான் டோக்கன், டோக்கன் இருந்தால்தான் டாக்டர் அறை. "கார்டு இல்லாம முடியாதுங்கய்யா. தொலைஞ்சு போச்சுன்னா போலீஸ் ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றேன்.

ஊரே தண்ணீருக்குள் இருக்கிறது. எந்த ஸ்டேஷனுக்குப் போய் எழுதி வாங்குவார்? அதை நான் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் மேஜையை ஓங்கி அடித்தார். "வெள்ளத்தோட போயிட்டுன்னு சொல்லுதேன், திரும்பத் திரும்ப கார்டு கார்டுங்க! ஏல, 71-ல நான் சண்டைக்குப் போனப்ப நீ எங்கல இருந்த?" கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. "சத்தம் போடாதீங்க. சத்தம் போட்டா ஒண்ணும் நடக்காது. அடுத்தவங்க வாங்க" என்றேன்.

இப்போது நான் மறைக்காமல் எழுதவேண்டியது வருகிறது. அவசரம் என்றால் டோக்கன் இல்லாமலே டாக்டரிடம் நேராக அனுப்பி வைக்கலாம். எழுத்துவேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வழி இருந்தது. எனக்கு அது தெரியும். இரண்டு தடவை நானே அப்படி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது மறந்துபோகவில்லை. அவர் என்னை "ஏல" என்று சொன்னதற்காக அந்த வழியை என் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். வெளியே பார்த்தால் நான் சட்டத்தைக் கடைப்பிடித்த ஊழியன். உள்ளே நான் செய்தது பழிவாங்குதல். ஞாயிற்றுக்கிழமை ஆவியில் நிறைந்து அந்நிய பாஷை பேசுகிற அதே நாவு, வியாழக்கிழமை தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல மறுத்துவிட்டது.

அங்கே தரை துடைத்து, நாற்காலி எடுத்துப் போடுகிற ஒரு அக்கா உண்டு. நெற்றியில் குங்குமம் வைத்து வருவார், நம் மார்க்கத்தார் அல்ல. அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பெரியவர் பக்கத்தில் நின்றார். "ஐயா, அம்மா இப்ப எங்க இருக்காங்க? எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான். அந்த மனுஷன் பெஞ்சில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஃப்ரிட்ஜ் கவிழ்ந்து மிதந்தது, மருந்தெல்லாம் சேற்றில். அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து முகாமுக்கு வந்திருக்கிறார். மூன்று நாளாய் ஊசி இல்லை. முந்தின ராத்திரியிலிருந்து பேச்சு குழறுகிறது.

அக்கா நேரே டாக்டர் அறைக்குள் போய்விட்டார். டாக்டர் எழுந்து வெளியே வந்தார். அந்த அம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு ஆயிற்று. கர்த்தருடைய கிருபையால் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் என் மேஜைக்கு முன்னால் போன அரைமணி நேரத்தைக் கர்த்தர் என்னிடம் கேட்காமல் இருப்பாரா?

அன்று ராத்திரி வேதத்தைத் திறந்தபோது சாமுவேலின் முதலாம் புஸ்தகம் முதலாம் அதிகாரம் வந்தது. எத்தனையோ தடவை பிரசங்கத்தில் கேட்ட பகுதி. எப்போதும் அன்னாளைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முதல்முறையாக ஏலி எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தேன். வாசலில்! ஆலயத்தின் கதவு நிலைக்குப் பக்கத்தில் ஒரு ஆசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். சீலோவின் முன் கவுண்டர் அவன்தான். மனம் கசந்து அழுகிற ஒரு ஸ்திரீ வருகிறாள், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவன் முடிவு கட்டிவிட்டான், குடித்திருக்கிறாள் என்று.

ஏலியின் பக்கத்திலும் நியாயம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். ஆலயத்தில் வெறித்தவர்களை விடக்கூடாது. ஒழுங்கைக் காப்பது அவன் வேலை. அவன் சொன்ன விதி சரி, ஆள்தான் தப்பு. வீட்டில் தன் குமாரர் இரண்டு பேரையும் அடக்காமல் விட்டவன், வாசலில் அழுதவளிடம் கண்டிப்பைக் காட்டினான். (மேலதிகாரியிடம் வாங்கிக்கொண்டதை எதிரில் நிற்கிற ஏழையிடம் இறக்கிவைக்கிற நம் எல்லாருக்கும் ஏலி தூரத்து உறவுதான்.) ஆனால் ஒன்றில் அவன் என்னைவிட நல்லவன். அவள் தன் துக்கத்தைச் சொன்ன உடனே அவன் பேச்சை மாற்றிவிட்டான். விளக்கம் கொடுக்கவில்லை, "முதலிலேயே சொல்லக்கூடாதா" என்று கேட்கவில்லை. அவளைச் சமாதானத்தோடே ஆசீர்வதித்து அனுப்பினான். நான் அன்றைக்கு டாக்டர் வெளியே வந்தபிறகும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1961-ல் நடந்ததுதான் கடைசி. அதன்பின் சிப்பி போதாமல் நின்றுபோயிற்று. குளிக்கிறவன் காலில் கல்லோடு கீழே இறங்குவான். அவனுடைய கயிற்றைத் தோணியில் ஒருவன் பிடித்துக்கொண்டிருப்பான். அந்த ஆள் மச்சானாக இருக்கவேண்டும் என்பார்கள். தங்கச்சி தாலியை நினைத்து விழிப்பாய் இருப்பானாம். கீழே மூச்சு முட்டினால் குளிக்கிறவன் கயிற்றை வெடுக்கென்று இழுப்பான். மேலே இருக்கிறவன் அதற்கு ரோஷப்பட்டு, "ஏன் இவ்வளவு வேகமாய் இழுக்கிறாய், மரியாதையாய் இழு" என்று சொன்னால் என்ன ஆகும்? அந்தப் பெரியவர் மேஜையை அடித்தது எனக்குக் கயிறு இழுபட்ட மாதிரி தெரியவில்லை. என்னை அடித்த மாதிரி தெரிந்தது.

அப்படியானால் சத்தம் போடுகிறவர் எல்லாருக்கும் கேட்டதைக் கொடுத்துவிடலாமா? இங்கேதான் பிரியமானவர்களே, நாம் யோசிக்கவேண்டும். மாதாமாதம் வந்து, வரிசையில் நிற்கமாட்டேன் என்று சத்தம் போட்டே முதலில் போகிறவர்களும் உண்டு. நர்சுப் பிள்ளைகளிடம் வாயில் வரக்கூடாத வார்த்தை பேசியவரும் உண்டு. அவரை வெளியே போகச் சொன்னோம். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. சத்தத்துக்குப் பயந்து ஒருவரை முன்னால் விட்டால், அது நம் கையிலிருந்து கொடுக்கிற தர்மம் ஆகாது. பின்னால் பேசாமல் நிற்கிறவருடைய முறையை எடுத்துக் கொடுக்கிறோம்.

இந்த இடத்தில் எனக்கு நாகமான் உதவினான் (2 இராஜாக்கள் 5). அவனும் ராணுவக்காரன், சீரியா ராஜாவின் படைத்தலைவன். வியாதியஸ்தன். குதிரைகளோடும் ரதத்தோடும் வந்து எலிசாவின் வாசலில் நிற்கிறான். எலிசா வெளியே வரவில்லை. ஒரு ஆளை அனுப்பி, யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணச் சொல்லிவிட்டான். (அந்த ஆள் எந்தத் தொனியில் சொன்னானோ தெரியாது. எங்களை மாதிரி முகத்தைப் பார்க்காமல் சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை!) நாகமானுக்குக் கடுங்கோபம். தீர்க்கதரிசி வெளியே வந்து நின்று, தன் தேவனைக் கூப்பிட்டு, கையை அசைத்துக் குணமாக்குவான் என்று எதிர்பார்த்திருந்தான். எங்கள் ஊர் ஆறுகள் இதைவிட நல்லவை அல்லவா என்று கேட்டுத் திரும்பிவிட்டான்.

எலிசா அவனுக்காக யோர்தானை மாற்றவில்லை. ஏழை ஆறாக்கவில்லை. பதவியைப் பார்த்து வாசலுக்கு ஓடிவரவும் இல்லை. அதே சமயம் நாகமானுடைய ஊழியக்காரர் அவன் கிட்டே வந்தார்கள். தகப்பனே என்று கூப்பிட்டார்கள். பெரிய காரியத்தைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே, இது சின்னக் காரியந்தானே என்று தன்மையாய்ப் பேசினார்கள். அவர்களும் விதியை மாற்றிச் சொல்லவில்லை, யோர்தானைத்தான் சொன்னார்கள். ஆனால் அவனுடைய கோபம் தணிந்து அவன் கேட்கக்கூடிய விதமாய்ச் சொன்னார்கள். எலிசாவின் மருந்து நாகமான் உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது அந்த நாவினால்தான். இந்தச் சரித்திரம் முழுவதிலும் நல்ல வார்த்தை சொல்கிறவர்கள் சின்ன ஆட்கள் என்பதைக் கவனியுங்கள். தீர்க்கதரிசியைப் பற்றி முதலில் சொன்னவள் சிறைபிடிக்கப்பட்டு வந்த ஒரு சிறுபெண். பிறகு பெயர் தெரியாத ஊழியக்காரர். எங்கள் கிளினிக்கிலும் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தவர்தான்.

வரிசையைப் பற்றி ராணுவத்துக்கே ஒரு பழைய நியாயம் உண்டு. நெப்போலியனுடைய சேனையில் டொமினிக் லாரே என்ற அறுவை வைத்தியர் இருந்தார். யுத்தகளத்தில் அதிக ஆபத்தான காயம் யாருக்கோ அவரை முதலில் பார்ப்பது, ஆபீசரா சிப்பாயா என்று பார்ப்பதில்லை என்று நடத்தினார். இன்றைக்கும் அவசரப் பிரிவுகளில் அதே முறைதான். பதவியையும் சத்தத்தையும் ஓரமாய் வைத்துவிட்டு ஆபத்தைப் பார்ப்பது. கவுண்டரில் இருக்கிறவனுக்கு இதைவிட நல்ல விதி கிடையாது என்று நினைக்கிறேன். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால்தானே தெரியும்! நான் பெரியவரிடம் கார்டைக் கேட்டேன், "அம்மா எப்படி இருக்காங்க" என்று கேட்கவில்லை.

மாற்கு 5-ம் அதிகாரத்தை வாசிக்கும்போது எனக்கு இன்னும் ஒரு தடுமாற்றம். யவீருவின் மகள் மரணத்தருவாயில் இருக்கிறாள். ஆண்டவர் புறப்பட்டுவிட்டார். வழியில் பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ சத்தமில்லாமல் வந்து தொடுகிறாள். ஆண்டவர் நின்றுவிட்டார். லாரே அங்கே இருந்தால், பன்னிரண்டு வருஷம் பொறுத்த வியாதி இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்கும், முதலில் பிள்ளையைப் பாருங்கள் என்றிருப்பார். நானும் அப்படித்தான் சொல்லுவேன். அந்தத் தாமதத்தில் பிள்ளை மரித்தும் போனாள். அந்த நேரம் யவீருவின் முகம் எப்படி இருந்திருக்கும்? ஆண்டவர் மரித்தவளை எழுப்ப வல்லவர், அதனால் நின்றார். நான் எழுப்ப முடியாதவன், ஆகையால் இதில் அவரைப் போலச் செய்கிறேன் என்று துணியக்கூடாது. ஆனாலும் அவ்வளவு நெருக்கத்திலும் பேசாதவளை அவர் கவனித்தார் என்பதை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. அதற்குக் காரணம் கடைசியில் சொல்லுகிறேன்.

பெரியவர் ஜனவரியில் திரும்ப வந்தார். புதுக் கார்டுக்கு எழுதிக் கொடுக்க. என்னைப் பார்த்ததும், "தம்பி, அன்னைக்கு நான் பேசினது தப்பு, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். நானோ, "பரவாயில்லைங்கய்யா" என்றேன். பாருங்கள், கடன்பட்டவன் நான், கடனை மன்னித்தவனாகவும் நானே உட்கார்ந்துகொண்டேன்! வீட்டுக்கு வந்து ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து விடுமுறை நாளில் அவர் வீட்டுக்கே போனேன். அம்மா திண்ணையில் இருந்து காப்பி கொடுத்தார்கள். வழி தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியும் தம்பி. நானும் பட்டாலியன் ஸ்டோர்ல இருந்தவன். எங்கிட்ட சத்தம் போட்ட பயலுக்கு அளவு சேராத பூட்ஸைத்தான் கொடுப்பேன். நல்லது உள்ளதான் இருக்கும், எடுத்துக் கொடுக்கமாட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

கடைசியில் சொல்லுகிறேன் என்றது இதுதான். அந்த வியாழக்கிழமை சந்தடி எல்லாம் அடங்கினபிறகு துடைக்கிற அக்கா என்னிடம் வந்து, "சார், கடைசி பெஞ்சுல ஒரு அம்மா மஞ்சப்பையோட இருந்தாங்களே, அவங்க போயிட்டாங்க" என்றார். எதற்கு வந்தார் என்று கேட்டேன். "அவங்க கார்டும் தண்ணியில போயிட்டாம். நீங்க அந்த ஐயாகிட்ட கார்டு இல்லாம முடியாதுன்னு சொன்னதைக் கேட்டுட்டு, அப்ப நமக்கும் கிடைக்காதுன்னு எந்திரிச்சுட்டாங்க" என்றார். வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தெருவில் இல்லை. பஸ் ஸ்டாப்பிலும் இல்லை.

நான் அங்கே வேலை பார்த்த நாள் வரைக்கும் அவர்கள் திரும்ப வரவில்லை. வந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. கம்ப்யூட்டரில் பெயர் ஏறவில்லை, ஆகையால் பெயரும் தெரியாது. யாரோ ஒரு படைவீரனின் விதவையாக இருக்கும். இடது கையில் துணிக்கட்டுப் போட்டிருந்தார்களாம். உபவாச ஜெபத்துக்குக் கூடிவருகிறவர்கள் அந்தத் தாயாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.